ஏடு எல்லோரிடமும், எழுத்தாணி சிலரிடம்

கட்டற்ற மென்பொருளின் கதை – 14

லினக்ஸ் கெர்னல் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிகப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் இலவச அனுமதி 2005 ஏப்ரலில் ரத்தானதையும், லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாக அவசர அவசரமாகக் கிட்டை எழுதியதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அதே நெருக்கடியில், அதே மாதத்தில், அதே வகைக் கருவியான மெர்குரியலும் பிறந்தது. நாடகத்தன்மை மிகுந்த கதை என்பதால் பரவல்முறைப் பதிப்புக் கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அடுத்து நடந்தவைதான் முக்கியமாகப் படுகின்றன. கெர்னலுக்கு வேறு வழியில்லை. கையிலிருந்த கருவி பறிபோனது, புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். மற்றத் தன்னார்வத் திட்டங்களுக்கு அப்படி எந்த நிர்ப்பந்தமும் இருக்கவில்லை. பழைய கருவி ஓடிக்கொண்டிருந்தது, பழகியும் போயிருந்தது. ஆனாலும் மாறினார்கள். எதை எதிர்பார்த்து மாறினார்கள், மாறியதால் உண்மையில் என்ன கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் பைத்தான் மொழியைவிட நல்ல சான்று கிடைக்காது. ஏனென்றால் அந்தத் திட்டம் ஒவ்வொரு பெரிய முடிவையும் ‘பெப்’ என்று அழைக்கப்படும் முன்மொழிவு ஆவணமாக எழுதிவைக்கும் பழக்கமுடையது. அந்த ஆவணங்களையும் பின்னர் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பரவல்முறைக்கு மாறுவது ஒரே முடிவு அல்ல, இரண்டு முடிவுகள். முழு வரலாற்றையும் எல்லோர் கையிலும் கொடுப்பது ஒன்று. வெளியாள் தன் பெயரில் எழுதியதை அந்த வரலாற்றில் ஏற்றுக்கொள்வது மற்றொன்று. பைத்தான் முதலாவதை 2011இல் செயல்படுத்தியது. இரண்டாவதைச் செயல்படுத்த 2017 ஆயிற்று.

மாற்றத்துக்கு முந்தைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராஸம் அதன் முதல் வெளியீட்டை 1991 பிப்ரவரியில் பொதுவெளியில் வைத்தார். நிரலின் பதிவுகள் அதற்கும் முன்பே, 1990 ஆகஸ்ட்டில் தொடங்குகின்றன. திட்டம் வளர்ந்தபோது சிவிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்தது. 2000இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் சர்வருக்குப் போனது. மார்ட்டின் ஃபான் லோவிஸ் முன்மொழிந்து 2005 அக்டோபரில் சப்வெர்ஷனுக்கு, திட்டத்தின் சொந்த சர்வருக்கு மாறியது. சப்வெர்ஷன் சிவிஎஸ்ஸின் எத்தனையோ குறைகளைத் தீர்த்த நல்ல கருவிதான். ஆனால் இரண்டிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே. ஊர் நிலங்களின் கணக்கு முழுவதும் கர்ணத்தின் வீட்டுப் பேரேட்டில் மட்டும் இருந்ததைப் போல, மாற்றங்களின் வரலாறு ஒரே ஒரு சர்வரில் இருக்கும். உங்கள் கணினிக்கு வருவது இன்றைய நிலையின் நகல் மட்டுமே. நேற்று யார் எந்த வரியை ஏன் மாற்றினார் என்று பார்க்கச் சர்வரைக் கேட்க வேண்டும். புதிதாக ஒரு பதிவைச் சேர்க்க, அதாவது கமிட் செய்ய, சர்வரில் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

இந்தக் கமிட் உரிமை என்ற சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு அதிகாரங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. திட்டத்தின் அதிகாரபூர்வப் பிரதியில் எது இடம்பெறலாம் என்று தீர்மானிப்பது ஒன்று. அது சிலரிடம் இருப்பதில் தவறில்லை. இல்லாவிட்டால் மென்பொருளின் தரம் நிற்காது. தன் வேலையைப் படிப்படியாகப் பதிந்துவைத்துக்கொள்வது இன்னொன்று. அது எழுதுகிற எவருக்கும் தேவையான வெறும் வசதி. சப்வெர்ஷன் முறையில் முதலாவது இல்லாதவருக்கு இரண்டாவதும் கிடையாது. எங்கோ ஓர் ஊரில் மாலை நேரங்களில் பைத்தானின் ஒரு பிழையைத் திருத்தும் தன்னார்வலரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பத்து கோப்புகளை மாற்றுகிறார், பாதியில் வழி தவறியது தெரிகிறது, முந்தாநாள் நிலைக்குத் திரும்ப வேண்டும். அவருக்கென்று பதிவுகள் இல்லை. கோப்புறையை வேறு பெயரில் நகலெடுத்து வைத்திருந்தால் பிழைத்தார். ஒருவழியாக முடித்து, மாற்றங்களை ஒரு பேட்ச் கோப்பாக்கி, பிழைப் பதிவுத் தளத்தில் இணைக்கிறார். அதை யாரும் எடுத்துப் பார்ப்பதற்குள் நாட்கள் கழிந்து, மூலநிரல் நகர்ந்து, பேட்ச் பொருந்தாமல் போகிறது. மறுபடியும் உட்கார்ந்து சரிசெய்கிறார். கடைசியில் ஏற்கப்பட்டாலும் வரலாற்றில் நிற்பது கமிட் செய்தவரின் பெயர். எழுதியவரின் பெயர் குறிப்பு வாசகத்திலும் நன்றிப் பட்டியலிலும் மட்டும்.

2008 நவம்பரில் பிரெட் கேனன் முன்னின்று தொடங்கிய 374ஆம் எண் பெப், கமிட் உரிமை இல்லாதவர்களின் இந்தக் குறையைத் தெளிவாகவே சுட்டுகிறது. கூடவே, இணையம் இல்லாத பயணங்களில் வேலை செய்ய முடியாமை, கிளைகளை ஒன்றிணைப்பதில் உள்ள சிரமம் ஆகியவற்றையும் சொல்கிறது. போட்டியில் இருந்தவை மூன்று: கிட், மெர்குரியல், கெனானிக்கல் நிறுவனத்தின் ஆதரவுபெற்ற பசார். ஆவணத்தின் அணுகுமுறை பாராட்டத்தக்கது. அருவமான சிறப்பம்சங்களை அடுக்காமல், திட்டத்தில் அன்றாடம் செய்யும் வேலைகளை எடுத்துக்கொண்டது. முதல்முறை நிரலை இறக்குவது, தவறான மாற்றத்தைத் திரும்பப் பெறுவது, பலர் சேர்ந்து ஒரு புதிய வசதியை உருவாக்குவது, வெளியீடு செய்வது என்று ஒவ்வொன்றையும் சப்வெர்ஷனில் எப்படி, மற்ற மூன்றில் எப்படி என்று கட்டளை கட்டளையாக எழுதிக் காட்டியது. 2009 மார்ச் இறுதியில், பைகான் என்ற பைத்தான் மாநாட்டை ஒட்டி, வான் ராஸம் மெர்குரியலைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். கிட் அன்று விண்டோஸில் மற்றவற்றுக்கு நிகராக இயங்கவில்லை. கமிட் உரிமை உடையவர்களின் மையக் குழுவிலும் அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. பசார் வேகத்தில் பின்தங்கியது. மெர்குரியல் பைத்தானிலேயே எழுதப்பட்டது என்பது கூடுதல் ஈர்ப்பு. பசாரும் பைத்தானில் எழுதப்பட்டதுதான் என்பதால் அதை மட்டும் வைத்து வெற்றி கிடைத்திருக்காது.

முடிவு 2009 மார்ச்சில். மாறிய நாள் 2011 மார்ச் 5. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளைச் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் இந்தக் காலத்தில்தான் ஒரு தன்னார்வத் திட்டத்துக்கு மாற்றத்தின் விலை என்ன என்பது தெரிகிறது. மாற்றும் பொறுப்பை டிர்க்யான் ஒக்ட்மன் ஏற்று, 385ஆம் எண் பெப்பை எழுதினார். பிறகு அந்துவான் பித்ரூவும் ஜார்ஜ் பிராண்டலும் தோள்கொடுத்தனர். தடைகள் ஒவ்வொன்றும் பார்க்க அற்பமானவை. விண்டோஸும் யூனிக்ஸும் ஒரு வரி முடிவதை வெவ்வேறு குறிகளால் காட்டுகின்றன. சப்வெர்ஷன் ஒவ்வொரு கோப்புக்கும் இதைத் தனியே நினைவில் வைத்திருந்தது. மெர்குரியலில் அதற்கு அன்று நம்பகமான ஏற்பாடு இல்லை. விண்டோஸில் வேலை செய்பவர்களைக் கைவிட முடியாது. ஆகவே மெர்குரியலுக்கே ஒரு நீட்சி எழுதப்பட்டு அது 2010இல் அந்த மென்பொருளோடு சேரும்வரை காத்திருந்தார்கள். கிளைகளைத் தனித்தனிப் பிரதிகளாக வைப்பதா, ஒரே களஞ்சியத்துக்குள் பெயரிட்டு வைப்பதா என்று நீண்ட விவாதம். சப்வெர்ஷனில் பயனர் குறிப்பெயராக இருந்த ஒவ்வொருவரையும் உண்மைப் பெயரோடு பொருத்த வேண்டியிருந்தது. பழைய பிழைப் பதிவுகள் முழுவதும் சப்வெர்ஷனின் வரிசை எண்களைக் குறிப்பிட்டிருந்தன. மெர்குரியலிலோ நீண்ட ஹேஷ் சரம்தான் அடையாளம். எனவே பழைய எண்ணைக் கொடுத்தால் புதிய பதிவைக் காட்டும் தேடுபக்கம் ஒன்றும் வேண்டியதாயிற்று. சம்பளம் கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் நான்கு பேரை ஒரு காலாண்டுக்கு இதில் உட்கார வைத்திருக்கலாம். இங்கே வார இறுதிகளும் விடுமுறைகளும்தான் மூலதனம். பைத்தான் 3.2 பிப்ரவரியில் வெளியான பிறகே, வெளியீட்டுப் பணி எதையும் குலைக்காத இடைவெளி பார்த்து, மாற்றம் நடந்தது.

சரி, இவ்வளவு உழைத்து என்ன கிடைத்தது? ஒரு கட்டளையில் 1990 ஆகஸ்ட் தொடங்கி அன்றுவரையிலான முழு வரலாறும் கேட்பவர் எவருடைய கணினிக்கும் வந்து சேர்ந்தது. யாரும் அனுமதி கேட்காமல் தன் கிளையில் ஆயிரம் பதிவுகள் செய்துகொள்ளலாம். இது சின்ன விஷயம் இல்லை. மேலே சொன்ன இரட்டை அதிகாரத்தின் ஒரு பாதி இதனால் அவிழ்ந்தது. ஆனால் அடுத்த ஆறு ஆண்டுகள் வெளியார் பங்களிப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். முன்போலவே பேட்ச் கோப்பு, அதே பிழைப் பதிவுத் தளம். ஒருவர் தன் மெர்குரியல் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுக்கும் வசதி அந்தத் தளத்தில் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த வசதியும் அவர் களஞ்சியத்திலிருந்து ஒரு பேட்ச் கோப்பைப் பிரித்தெடுத்துத் தந்தது, அவ்வளவே. மையக் குழுவில் ஒருவர் அதைத் தன் கணினியில் ஒட்டி, தன் பெயரில் கமிட் செய்து, பேட்ச் எழுதியவரின் பெயரைக் குறிப்பில் சேர்ப்பார். பங்களிப்பாளர் வீட்டில் செய்த பதிவுகள் வீட்டிலேயே தங்கின. கருவி பரவல்முறைக்குப் போய்விட்டது. நடைமுறை சப்வெர்ஷன் காலத்திலேயே நின்றது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பரவல்முறையின் முதன்மைப் பயனே கிளைகளை எளிதாக ஒன்றிணைப்பதுதான், வெளியார் பங்களிப்பு துணைப்பயன் மட்டும், ஆகவே அதை வைத்து எடைபோடுவது முறையல்ல என்பார்கள். கெர்னலைப் பொறுத்தவரை இது சரி. அங்கே துணைப் பராமரிப்பாளர்களின் கிளைகள் ஒன்றிணைந்து டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்கின்றன. பைத்தானின் சான்று வேறு பக்கம் காட்டுகிறது. சப்வெர்ஷன் காலத்தில், 2008 முதல், மொழியின் 2ஆம் பதிப்பு வரிசையும் 3ஆம் பதிப்பு வரிசையும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்ததால் நான்கு கிளைகளைக் காக்க வேண்டியிருந்தது. திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில் நுழையும். பிறகு ஒரு துணைநிரலின் உதவியோடு மற்றவற்றுக்குக் கொண்டுபோகப்படும். மெர்குரியல் வந்ததும் திசை தலைகீழானது. 3ஆம் வரிசையில் உயிரோடிருக்கும் மிகப் பழைய கிளையில் முதலில் திருத்தி, அங்கிருந்து புதிய கிளைகளுக்கு முன்னோக்கி இணைக்க வேண்டும். கோட்பாட்டளவில் இதுவே அழகான முறை. எந்தத் திருத்தமும் விடுபட்டுப்போகாது என்பதற்கு வரலாறே சாட்சி. நடைமுறையில், மூன்று கிளைகளில் இணைத்துச் சர்வருக்கு அனுப்பப்போகும் நேரத்தில் வேறொருவர் முந்திக்கொண்டால் மூன்றையும் மறுபடி இணைக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் செய்திக் குறிப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரி சேர்க்கும் வழக்கம் இருந்ததால், நிரலில் மோதல் இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பில் பெரும்பாலும் மோதல் வரும். 2017இல் கிட்டுக்குப் போனபோது என்ன செய்தார்கள்? முன்னோக்கி இணைப்பதையே கைவிட்டார்கள். திருத்தம் மீண்டும் முதன்மைக் கிளையில் நுழைகிறது. பழைய கிளைகளுக்குத் தனித்தனியாகப் பெயர்த்து ஒட்டப்படுகிறது. அந்த வேலையைச் செய்யும் தானியங்கிக்கு மான்டி பைத்தான் படத்திலிருந்து மிஸ் இஸ்லிங்டன் என்று பெயர். செய்திக் குறிப்பும் திருத்தத்துக்கு ஒரு சிறு கோப்பு என்று பிரிந்தது. இரண்டு முறை கருவி மாறிய பின் திசை சப்வெர்ஷன் காலத்துக்கே திரும்பிவிட்டது. கிளை இணைப்புதான் மாற்றத்தின் பயன் என்றால் இந்தத் திரும்பலுக்கு விளக்கம் கிடையாது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சப்வெர்ஷன் சர்வரோடு பேசும் பாலங்கள் கிட்டுக்கும் பசாருக்கும் முன்பே இருந்தன. பைத்தானின் பசார் பிரதி ஒன்று திட்டத்தின் சொந்தத் தளத்திலேயே கிடைத்தது. தனியே வரலாறு வைத்துக்கொள்ள விரும்பியவர் அன்றே வைத்துக்கொண்டிருக்கலாம், திட்டம் முழுவதையும் ஏன் நகர்த்த வேண்டும்? இது வலுவான கேள்வி. தனிநபரின் வசதியை மட்டும் பார்த்தால் இதற்குப் பதிலில்லை. ஆனால் பாலத்தின் வழியாகச் செய்த பதிவுகளுக்குத் திட்டத்தின் பார்வையில் மதிப்பில்லை. உங்கள் ஐந்து பதிவுகள் சர்வரில் வேறொருவரின் ஒரே பதிவாக மாறித் திரும்பி வரும். உங்களுடையதும் அதுவும் ஒன்றே என்று கருவிக்குத் தெரியாது. இரண்டு தன்னார்வலர்கள் தங்களுக்குள் கிளைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமானால் இருவரும் ஒரே பாலத்தைப் பயன்படுத்த வேண்டும். திட்டமே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான், எவரும் எவரோடும் ஒப்பிடக்கூடிய பொதுவான வேர் கிடைக்கிறது. பதிவின் அடையாளம் சர்வர் கொடுத்த வரிசை எண்ணாக இல்லாமல், உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஹேஷாக இருப்பதன் பொருளும் இதுதான். எந்த நகலில் பார்த்தாலும் அந்தப் பதிவு அதே பதிவு.

மெர்குரியலைத் தேர்ந்தெடுத்தது தவறு, முதலிலேயே கிட்டை எடுத்திருந்தால் இரண்டாவது இடமாற்றம் மிச்சமாகியிருக்கும் என்று இன்று சொல்பவர்கள் அதிகம். வென்ற குதிரை எது என்று தெரிந்த பிறகு சொல்வது சுலபம். 2009இல் விண்டோஸ் நிலைமை ஒன்றே மெர்குரியலுக்குப் போதிய காரணம். அதைவிட, இரண்டாவது இடமாற்றம் எதில் நேரம் எடுத்தது என்று பார்க்க வேண்டும். 2014இல் நிக் காஃக்லன் திட்டத்துக்கென்று சொந்தக் களஞ்சியத் தளம் அமைக்கலாம் என்றார். டொனால்ட் ஸ்டஃப்ட் கிட்டுக்கும், கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப்புக்கும் போகலாம் என்றார். முடிவெடுக்கும் பொறுப்பு இம்முறை கேனனிடம் வந்தது. கடைசியாக எஞ்சிய கிட்லேப், கிட்ஹப் ஆகிய இரு தளங்களுக்கு இடையில், பங்களிப்பவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான இடம் என்பதை முக்கியக் காரணமாகக் காட்டி, 2016 ஜனவரி 1 அன்று கிட்ஹப்பை அறிவித்தார். 2017 பிப்ரவரி 10 அன்று மாறினார்கள். நடுவிலிருந்த ஓராண்டில் பெரும் வேலை வரலாற்றை மாற்றுவதில் இல்லை. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாரா என்று சோதிக்கும் தானியங்கி, புல் ரிக்வெஸ்ட் எனப்படும், தன் மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பத்தைப் பிழைப் பதிவோடு இணைக்கும் வழி, வெளியீட்டு நடைமுறை என எல்லாம் வெளியாரின் வேலையை உள்ளே வாங்கும் வாசலைப் பற்றியவை. 2009இல் பேசாமல் விட்ட இரண்டாவது முடிவு இங்கேதான் எடுக்கப்பட்டது. வரலாறு பரவல்முறைக்கு ஏற்கெனவே வந்திருந்ததால் அதைக் கிட்டாக மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிய வேலையாகிவிட்டது. இந்தக் கணக்கில் மெர்குரியல் ஆண்டுகள் வீண் இல்லை.

கிட்ஹப் ஒரு நிறுவனத்தின் மூடிய தளம், பிட்கீப்பரிடம் பட்ட பாட்டை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா என்ற எதிர்ப்பும் அன்றே எழுந்தது. பாதி பதில் பரவல்முறையிலேயே இருக்கிறது: நாளை அந்தத் தளம் கதவை மூடினாலும், முழு வரலாறும் எத்தனையோ கணினிகளில் இருக்கிறது; வேறு சர்வரில் ஏற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். மற்றப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு மாற்றம் ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்ற விவாதம் களஞ்சியத்துக்குள் இல்லை, தளத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பிழைப் பதிவுகளும் கிட்ஹப்புக்குப் போன பின் அந்தச் சார்பு கூடியிருக்கிறது. நிரலின் வரலாறு எல்லோர் கையிலும் இருக்க, அதன் நியாயங்களின் வரலாறு மறுபடி ஒரே இடத்துக்குப் போய்விட்டது என்பதை மறுக்க முடியாது.

வாசல் திறந்ததும் எழுதியவரின் பெயரே கமிட்டில் எழுத்தாளராக நின்றது. அவர் இடையில் செய்த பதிவுகள் எல்லாம் ஒன்றாகச் சுருக்கப்பட்டே ஏற்கப்படுகின்றன என்பது வேறு விஷயம். இரண்டாவது முடிவும் முழுமையாக எடுக்கப்படவில்லை என்று சொல்லலாம். அடுத்து நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. அனுப்புவது எளிதானதால் அனுப்புபவர்கள் பெருகினார்கள். படித்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. சில ஆண்டுகளுக்குள் திறந்தபடி கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் ஆயிரத்தைத் தாண்டின. பிழைப் பதிவுத் தளத்தில் பொருந்தாமல் கிடந்த பழைய பேட்ச் கோப்புகளின் அதே தேக்கம், இப்போது பொத்தான்களோடும் பச்சைக் குறிகளோடும். பதிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் பரவிய பிறகு, சிலரிடம் மட்டும் எஞ்சியிருந்தது மற்றவர் நிரலைப் பொறுமையாகப் படிக்கும் நேரம். இதற்குக் கருவியில் மருந்து தேடுவதைப் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை ஒரு கட்டத்தில் நிறுத்தியது. 2021 ஜூலையில் கூகுளின் நிதியைக் கொண்டு, மையக் குழுவைச் சேர்ந்த வூகாஷ் லாங்கா என்பவரை முழுநேரச் சம்பளத்தில் அமர்த்தியது. அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளில் ஒன்று, குவிந்து கிடந்த புல் ரிக்வெஸ்ட்டுகளைப் படிப்பது. தன்னார்வலர்கள் மட்டுமே இருந்த அறைக்குள் சம்பளக்காரர் ஒருவர் வந்து அமரும்போது மற்றவர்களின் உழைப்புக்கு என்ன நேர்கிறது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)